அடியாத நாயும் படியும்

"அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழி நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. மாட்டுக்காக யாரோ சொல்லி வைத்த வாக்கியத்தை நாம் மாட்டோடு நிறுத்திக் கொள்ளவில்லை. பிள்ளைகள் மீது பிரயோகித்தோம். வேலைக்காரர்கள் மீது பிரயோகித்தோம். நம்மை ஆண்டவர்கள் நம் தேசத்தின் மீதே பிரயோகித்தார்கள். தேசம் 1947-ல் தப்பித்துக் கொண்டது. பள்ளிப் பிள்ளைகளைக் காப்பாற்ற 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. அந்தப் பழமொழியின் பேரால் இன்னும் உதை வாங்கிக் கொண்டிருக்கும் ஜீவன் ஒன்று பல வீடுகளில் உண்டு. அதற்கு வயது இரண்டு மாதம். உயரம் ஒரு சாண். கூடத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் செய்துவிட்டது என்பதே அதன் மேல் சாட்டப்படும் குற்றம். நாய்க்குட்டியைத்தான் சொல்கிறேன்.

நாய்க்குட்டிக்குச் சுத்தம் பழக்குவது பத்திரிகையில் எழுதத் தக்க விஷயமா என்று வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் வீட்டில் நாய் இல்லை என்பதை அதிலிருந்தே தெரிந்து கொள்ளலாம். நாய்க்குட்டி வந்து சேர்ந்த வீட்டில் முதல் இரண்டு மாதத்துக்கு இதைவிட அவசரமான விஷயம் வேறொன்றும் கிடையாது.

நம் பாட்டனார்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. வாசலில் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கொல்லை என்று வீடு இருந்தது. நாயின் ஸ்தானம் திண்ணைக்குக் கீழே. உள்ளே வராத பிராணிக்கு உள்ளே நடந்து கொள்ளும் முறையை எதற்காகக் கற்பிக்க வேண்டும்? இன்றைக்கோ மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு கூடம், துணி உலர்த்த ஒரு பால்கனி என்று வாழ்கிறோம். நாய் திண்ணையடியிலிருந்து நேரே சோபாவுக்குப் பதவி உயர்வு பெற்றுவிட்டது. புதிய உத்தியோகத்தின் விதிகளை மட்டும் அதற்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

குட்டிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை முதலில் பார்ப்போம். பிறந்து முதல் இரண்டு மூன்று வாரங்கள் அது தானாக மலஜலம் கழிக்காது. தாய் நாவினால் தடவிக் கொடுத்தால்தான் கழிக்கும். தாயே சுத்தமும் செய்துவிடும். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு, கால்கள் தள்ளாட, படுக்கையை விட்டு நாலடி தள்ளிப் போய்க் கழிக்கத் தொடங்கும். யாரும் கற்பிக்காமலே பிறவியில் வந்த சுத்தம் இது. ஆனால், படுக்கை என்பது அதற்குப் புரியுமே தவிர, வீடு என்பது புரியாது. படுக்கையிலிருந்து பத்தடி தள்ளியிருக்கும் கூடத்து மூலை அதன் எண்ணத்தில் கொல்லைப்புறம்தான். அன்றியும், ஏழெட்டு வார வயதுக்குள் எத்தகைய தரையில் கழித்துப் பழகியதோ, அத்தகைய தரையையே பிற்பாடும் தேடும். கோணிச் சாக்கின் மேல் வளர்ந்த குட்டி உங்கள் வீட்டு வாசற்படியில் கிடக்கும் கால்மிதியைக் கண்டு பூரித்துப் போவதில் என்ன அதிசயம்?

சின்ன ஜாதி நாய்களில் இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். அவற்றின் மூத்திரப்பை சிறியது. அடிக்கடி போக வேண்டியிருக்கும். இரண்டு மாதக் குட்டி பகலில் தாங்கக்கூடிய நேரம் மிஞ்சினால் 3 மணி என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். சின்ன ஜாதியாயிருந்தால் அதுவும் நிச்சயமில்லை. மேலும், சிறிய நாய்க்கு நம் சிறிய வீடே ஒரு மைதானம். பெரிய நாய் கூடத்தில் ஈரம் செய்தால் அது வெள்ளம். சின்ன நாய் செய்தால் யாரும் கவனிப்பதில்லை. கவனிக்காத ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு பாடமாகிவிடுகிறது.

எங்கள் அடுக்கு வீட்டில் எதிர்ப்புறம் குடியிருப்பவர் ஒரு பாங்கி உத்தியோகஸ்தர்; நல்ல மனிதர். குழந்தைகளின் நச்சரிப்புப் பொறுக்காமல் வெள்ளைச் சடையுடன் ஒரு குட்டி வாங்கி வந்தார். பொமரேனியன் என்று சொல்லி விற்றார்களாம். நம் பக்கத்தில் அந்தப் பெயரில் வளர்வது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற ஜாதியே. நம் வெயிலுக்குப் பழகிய நாய் அது. ஆகையால் அவர் ஏமாந்தார் என்று சொல்ல மாட்டேன். குட்டிக்கு மணி என்று பெயரிட்டார்கள்.

அவர் மாலையில் வீடு திரும்புவார். கூடத்தில் ஈரத்தைக் காண்பார். மணியைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து, மூக்கை அதிலேயே தேய்த்து, சுருட்டிய பத்திரிகையால் இரண்டு போடுவார். பத்து நாளில் கூடம் சுத்தமாகிவிட்டது. "பார்த்தீர்களா ஸார், புத்தி வந்துவிட்டது!" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். அதற்கடுத்த வாரம் பீரோவுக்குப் பின்னாலிருந்து துர்நாற்றம் வீசத் தொடங்கியது.

மணி பாடம் கற்றுக் கொண்டிருந்தது என்பது உண்மையே. ஆனால் கற்றுக் கொண்ட பாடம் வேறு. "வீட்டில் கழிக்கக் கூடாது" என்று அது கற்கவில்லை. "மனிதர் பார்க்கக் கழிக்கக் கூடாது" என்று கற்றுக் கொண்டது. இந்தப் பாடத்தின் விபரீதம் பிறகுதான் வெளிப்பட்டது. அவர் அதை மொட்டை மாடிக்குத் தூக்கிக் கொண்டு போய் ஒரு மணி நேரம் நின்றார். மணி அவரையே பார்த்துக் கொண்டு நின்றது. ஒரு சொட்டும் விடவில்லை. கீழே வந்து கதவைத் திறந்ததும் ஒரே ஓட்டமாகப் பீரோவுக்குப் பின்னால் ஓடியது. எந்த இடத்தில் அது கழித்தால் அவர் தட்டிக் கொடுத்துச் சந்தோஷப்பட்டிருப்பாரோ, அந்த இடத்திலும் அவர் முன்னிலையில் கழிக்க அதற்குத் தைரியம் போய்விட்டது. அடியினால் வரும் பெரிய நஷ்டம் இதுதான். வலி ஒரு நிமிஷத்தில் ஆறிவிடும். ஆனால் சரியான காரியத்தை நம் கண்ணெதிரே செய்யும் சந்தர்ப்பத்தையே குட்டி நமக்குக் கொடுக்காமல் போய்விடுகிறது. சிலேட்டைக் கையால் மறைத்துக் கொண்டு கணக்குப் போடும் பையனைக் கண்டிருக்கிற எந்த உபாத்தியாயருக்கும் இது எளிதில் விளங்கும்.

"வேண்டுமென்றே செய்கிறது ஸார்! தப்பென்று தெரிந்தே செய்கிறது. நான் உள்ளே வந்ததும் அதன் முகத்தைப் பாருங்கள்" என்றார் நண்பர். காதை மடக்கி, வாலை ஒடுக்கி, கண்ணைத் திருப்பிக் கொள்ளும் அந்த முகத்தை நாய் வளர்ப்போர் எல்லாரும் அறிவார்கள். நியூயார்க்கில் பார்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அம்மையார் இந்த முகத்தையே ஆராய்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டார். 14 நாய்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தின்பண்டம். எஜமானர் "தொடாதே" என்று கட்டளையிட்டு வெளியே போவார். திரும்பி வரும்போது நாய் தின்றதா, இல்லையா என்று அவருக்குச் சொல்லப்படும். சில தடவை உண்மைக்கு மாறாகச் சொல்லப்படும். விளைவு என்ன தெரியுமா? தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் முகத்தில் வித்தியாசமே இல்லை. திட்டு வாங்கிய நாய்க்குத்தான் குற்றவாளியின் முகம் வந்தது. அதிலும், ஒன்றும் அறியாமல் திட்டு வாங்கிய நாயின் முகத்திலேதான் அந்தக் களை அதிகமாகத் தெரிந்ததாம்! நாம் குற்ற உணர்ச்சி என்று படிப்பது வெறும் பயம். நம் முகத்தைப் பார்த்து அது தன் முகத்தை மாற்றிக் கொள்கிறது, அவ்வளவுதான்.

நண்பர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. "இந்த மாதக் கடைசி வரையில் பார்ப்பேன். அப்புறம் ஊருக்கு வெளியே கொண்டு போய் விட்டுவிட்டு வரப் போகிறேன்" என்றார். இப்படிச் சொல்லுகிறவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. கழுத்தில் பட்டையும், சடையில் சிக்குமாக, போகிற வண்டியை எல்லாம் பார்த்து ஓடி ஓடி நிற்கும் சின்ன ஜாதி நாய்களை நம் நகர்ப்புறச் சாலைகளில் வாசகர்கள் கண்டிருக்கக்கூடும். தெருவில் பிறந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியும். இவற்றுக்கு அதுவும் தெரியாது. பரத நாட்டியத்துக்குக் கௌரவம் தேடிக் கொடுத்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், ராஜ்ய சபையில் 1952-ல் நியமன அங்கத்தினராகி, வாயில்லா ஜீவன்களுக்காக மசோதா கொண்டு வந்து வாதாடினார். அந்த முயற்சியின் பயனாக 1960-ல் பிராணிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. பிராணியை அடித்துத் துன்புறுத்துவது மட்டுமன்று, பசி தாகத்தால் வருந்தும்படி கைவிடுவதும் அந்தச் சட்டப்படி குற்றம். அன்று முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் 50 ரூபாய் வரைதான். மனிதரின் மனச்சாட்சியை நம்பியே சட்டம் செய்தார்கள் போலும்!

அடிக்காமல் பழக்குவது எப்படி? இந்த வித்தையின் மூலத்தைக் கண்டவரும் ஒரு வாத்தியார்தாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொலம்பியா சர்வகலாசாலையின் ஆசிரியர் கல்லூரியில் பின்னாளில் நெடுங்காலம் போதித்த எட்வர்டு தார்ன்டைக் என்பவர், 1898-ல் பூனைகளை வைத்துத் தாம் செய்த சோதனைகளை வெளியிட்டார். மரச் சட்டங்களால் ஆன கூண்டுக்குள் பசித்த பூனை. வெளியே ஒரு மீன் துண்டு. பூனை பிறாண்டும், கடிக்கும், முண்டும். தற்செயலாக ஒரு கயிற்றை இழுத்ததும் கதவு திறந்து கொள்ளும். தடவைக்குத் தடவை வீண் பிறாண்டல் குறைந்து, கயிற்றை இழுப்பது நிலைத்தது. எந்தச் செய்கையைத் தொடர்ந்து இன்பம் வருகிறதோ அது வேரூன்றும், துன்பம் வந்தால் வாடும் என்று முதலில் அவர் விதி வகுத்தார். பிறகு 1930-களில் அதன் பின்பாதியைத் தாமே திருத்தினார். பரிசு ஒரு செய்கையை வளர்க்கும் அளவுக்குத் தண்டனை ஒரு செய்கையை அழிப்பதில்லை என்பது அவர் கண்ட முடிவு. 1938-ல் ஸ்கின்னர் என்ற மற்றோர் அமெரிக்கர் இதை ஒரு சாஸ்திரமாகவே விரித்து எழுதினார். இன்று நாய் பழக்குவோரில் விஷயமறிந்தவர்கள் கைக்கொள்வது இந்த வழியைத்தான்.

நண்பர் வீட்டில் இந்தச் சாஸ்திரத்தை நடத்திக் காட்டியவர் எழுபது வயது கடந்த அவருடைய தாயார். "அம்மா, பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் நீங்கள்தாம். ஒரு மாதம் இந்தப் பொறுப்பை ஏற்றுக் கொள்ள முடியுமா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தார். "என்ன தம்பி, பெரிய வித்தையைச் சொல்கிறாய்! ஏழு குழந்தைகளைக் காலில் உட்கார வைத்துப் பழக்கியவள் நான். இது எட்டாவது" என்றார். நம் வீட்டுப் பெண்மணிகள் கைக்குழந்தையைக் கால்களுக்கிடையில் உட்கார வைத்து "ஸ்ஸ்" என்று ஒலி கொடுப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். சில நாளில் அந்த ஒலியே குழந்தைக்கு உத்தரவாகிவிடுகிறது. மணிக்கும் அதே "ஸ்ஸ்"தான்.

ஏற்பாடு இதுதான். மூன்று தடுப்பு ஊசிகளும் போட்டு முடியும் வரையில், அதாவது ஏறக்குறைய 4 மாதம் ஆகும் வரையில், குட்டியைத் தெரு நாய்கள் நடமாடும் மண்ணில் விடலாகாது. பார்வோ என்ற பேதி நோய் பிராணனுக்கே உலை வைக்கும். ஆகவே பால்கனியில் ஓர் அகன்ற தட்டில் இரண்டு அங்குலம் மண் பரப்பி வைத்தார்கள். பத்திரிகைக் காகிதம் விரிப்பாரும் உண்டு. (இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்த பிறகே விரிக்குமாறு கேட்டுக் கொள்கிறேன்.) ஆனால் காகிதத்தில் பழகிய குட்டி, தரையில் கிடக்கும் பரீட்சைத் தாளையும் அவ்வாறே பாவிக்கும், மண்ணில் பழகியதோ பிறகு தெருவுக்குச் சுலபமாக மாறும். குட்டி தூங்கி விழித்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள்ளும், விளையாடி ஓய்ந்ததும், இரவு விளக்கணைக்கு முன்பும், விடிந்ததும் தட்டுக்குத் தூக்கிக் கொண்டு போக வேண்டும். இடையிலும் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை. தட்டில் விட்டுப் பேசாமல் நிற்க வேண்டும்.

கழித்து முடித்த அந்தக் க்ஷணத்திலேயே பரிசு. இதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். "சமர்த்து" என்று சொல்லிக் கொண்டே சமையலறைக்குப் போய், டப்பாவைத் திறந்து, எதையோ எடுத்துக் கொடுப்பார்கள். குட்டியின் கணக்கில் அந்தப் பரிசு சமையலறைக்கு ஓடி வந்ததற்காகக் கிடைத்ததாகிவிடும். ஒன்று இரண்டு என்று எண்ணுவதற்குள் வாயில் விழ வேண்டும். ஆகையால் பண்டம் கையிலேயே இருக்க வேண்டும். பாட்டியம்மாள் புடவைத் தலைப்பில் உப்பில்லாத பொரியை முடிந்து வைத்திருந்தார். ஒரு தடவைக்கு இரண்டு பொரி. கடையில் விற்கும் விலையுயர்ந்த பிஸ்கோத்து அவசியமே இல்லை. பொரியோ, இட்லித் துணுக்கோ, வெந்த முட்டையில் கடலைப் பருப்பளவோ போதும். வெங்காயம் சேர்ந்த எதுவும், திராட்சையும், சாக்லேட்டும் நாய்க்கு விஷம் என்பதை மட்டும் குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள். பாயசத்துத் திராட்சையை ரகசியமாக ஊட்டும் பாசம் ஆபத்தானது. பரிசு கொடுத்தவுடன் குட்டியை உள்ளே தூக்கிப் போட்டுக் கதவைச் சாத்துவதும் கூடாது. கழித்தால் வேடிக்கை முடிந்துவிடும் என்று தெரிந்து கொண்டு, அடக்கி வைத்துக் காலம் கடத்தும். ஐந்து நிமிஷம் விளையாட விடுங்கள்.

மற்ற நேரங்களில் குட்டி கண் பார்வையிலேயே இருக்க வேண்டும். பாட்டியம்மாள் கயிற்றின் ஒரு நுனியைத் தம் நாற்காலிக் காலில் கட்டியிருந்தார். மோந்து கொண்டே வட்டமிட்டால் உடனே தட்டுக்குத் தூக்கிவிட வேண்டும். நடுவில் ஆரம்பித்துவிட்டாலும் அலறாமல் தூக்க வேண்டும். மிச்சத்தைத் தட்டில் முடித்தால் பரிசு உண்டு. நாம் பார்க்காத வேளையில் ஆகிவிட்டதா? துடைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதான். கடந்த காலத்துக் குற்றத்துக்கு நாயிடம் விசாரணை கிடையாது. சில குட்டிகள் நாம் குனிந்து கிட்டே வந்தாலே நடுங்கி ஈரம் செய்துவிடும். அது பணிவின் அடையாளம். அதைத் திட்டினால் இன்னும் அதிகமாகும்.

துடைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. நம் மூக்குக்கு வாசனை போனால் போதாது. நாயின் மூக்குக்குப் போக வேண்டும். அமோனியா கலந்த திராவகத்தால் துடைத்தால், மூத்திரத்தின் வாடையையே அங்கே எழுதி வைத்ததாகும். பினாயில் நெடி வாடையை மறைக்குமே தவிர நீக்காது. பாதத்தில் ஒட்டியதைக் குட்டி நக்கினால் தீங்கும் விளையும். துணியால் ஒற்றியெடுத்து, தண்ணீரில் கழுவி, நொதிப் பொருள் கலந்த திரவம் இதற்கென்றே விற்பதை வாங்கி ஊற்றுவது உத்தமம். பீரோவின் பின்புறத்தை அவ்வாறு சுத்தம் செய்து, மணியின் சோற்றுக் கிண்ணத்தை அங்கேயே வைத்தோம். உண்ணும் இடத்தை அசுத்தம் செய்ய எந்த நாயும் விரும்பாது.

அடிபட்ட குட்டியாகையால் முதல் நாலைந்து நாள் மணி தட்டில் நின்று விழித்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை. பாட்டியம்மாள் முதுகைத் திருப்பிக் கொண்டு நின்றார். அந்த யுக்தி எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ஆறாம் நாள் பலித்தது. மூன்று வாரத்தில் நாளைக்கு ஒரு தவறு என்றாகி, இரண்டு மாதத்தில் அதுவும் நின்றது. நண்பர் மாதக் கடைசியைப் பற்றிப் பிறகு பிரஸ்தாபிக்கவில்லை.

பழகிவிட்டது என்று பரிசைத் திடீரென்று நிறுத்திவிடலாகாது. மூன்று தடவைக்கு ஒன்று, ஐந்து தடவைக்கு ஒன்று என்று முறை தெரியாதபடி குறைத்துக் கொண்டு வர வேண்டும். எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காகச் செய்யும் காரியம் நெடுநாள் நிலைக்கும் என்பது ஸ்கின்னர் கண்ட உண்மை. பல மாதம் சுத்தமாயிருந்த நாய் மறுபடியும் வீட்டில் நனைக்கத் தொடங்கினால், பழக்கம் கெட்டது என்று எண்ணாமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் மூத்திரப்பையில் ஏதோ நோயாக இருக்கும்.

மழைக் காலம் ஒன்றுதான் பாக்கி. தெருவுக்கு மாறிய சின்ன நாய்கள் ஐப்பசி மழையைக் கண்டதும் வாசற்படியில் நாலு காலையும் ஊன்றிக் கொண்டு நகர மறுக்கும். வயிறு தரையை ஒட்டியிருப்பதால், நமக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீர் அதற்குக் குளம். பால்கனித் தட்டை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் அந்த வாரம் உதவும். இல்லாவிட்டால் குடைதான். பெரிய குடையாக எடுத்துக் கொள்ளுங்கள். நாய்க்குப் பிடித்தது போக நமக்கும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். பொரியை மட்டும் நனையாத பையில் வைத்துக் கொள்ளுங்கள்.